பன்னிரண்டாஞ் சூத்திரமும் பிற்பருவத்துத் திருக்கூட்டப் பணியும்



அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் பணியாற்றுவோர்க்கு 60 ஆம் ஆண்டளவில் ஓர் எல்லை வைக்கப்பட்டுள்ளது. அவ்வெல்லை எய்தினார்க்கு மாலை சூட்டி, சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கையிற் கொடுத்து, இனி இளைப்பாறுக என விடுத்தல் உலக வழக்கு. அங்ஙனம் இளைப்பாற அமர்ந்தார் சிலரது வாயிலில், சில திங்கள் கழியுமுன், சிவாலயத்து அன்பர் இருவர் மூவர் வந்து நிற்பர். "இளமையில் ஐயா அவர்கள் நம் கோயில் மண்டபத்திற் பெரியபுராணம் சொன்னீர்கள், இப்போது சொல்வார் இல்லை, மறுபடியும் தாங்களே வந்து தொடங்க வேண்டும்" என்பது அவர் வேண்டுகோள். இதற்கு யாது விடை கூறுதல் தக்கது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருளாம்.

விடை எளிதன்று. குரல் தளர்ந்தது, முழங்கால் நோகின்றது என்பார் சிலர். கேட்பார் பத்துப் பேர். அதற்கு ஒரு மாலைப்பொழுதோ என்பார் சிலர். பட்ட வகுப்பினர்க்கும் ஆராய்ச்சி மாணாக்கர்க்கும் மெய்கண்ட சாத்திரம் 14 இனையும் விரித்துரைத்த யாம், இனிப் பூத்தொடுக்கும் மூதாட்டியர்க்கும் சுண்டலுக்குக் காத்திருக்கும் சிறார்க்கும் கதை சொல்லுதலோ என வாய்விட்டுக் கூறாது உள்ளத்துள் எண்ணுவார் பலர். முன்னையவை உடம்பையும் பொழுதையும் பற்றிய தடைகள். மருந்தும் ஊன்றுகோலும் ஒலிபெருக்கியும் அவற்றுட் பெரும்பாலன தீர்க்கும். இறுதியிற் கூறியதே ஆராயற்பாலது. என்னை? அது கல்வியையே அரணாகக் கொண்டு நிற்கும் தடையாதலின்.

மெய்கண்டதேவ நாயனார் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரமும் 40 அடியும் கொண்ட சிறு நூல். பிரமாணம், இலக்கணம், சாதனம், பயன் என நான்கு இயலாய், இயலொன்றுக்கு மூன்று சூத்திரமாய் அது வகுக்கப்பட்டுள்ளமை இப்பத்திரிகை அன்பர்கள் நன்கறிவர். பயனியலின் முதற் சூத்திரம் பாசநீக்கம் கூறும். அடுத்தது சிவப்பேறு கூறும். உயிர் பாசம் நீங்கிச் சிவனடி எய்திற்று எனின் நூல் முடிந்ததன்றோ? உலகில் வேறெந்த ஆசிரியரும் அவ்விடத்தே எழுத்தாணியைக் கீழே வைத்திருப்பர். மெய்கண்டார் வைத்திலர். அணைந்தோர் தன்மை என ஒரு சூத்திரத்தை அதன்பின் வைத்தனர். வீடு எய்தினான் எஞ்சிய மலவாசனையைக் கழுவி, அன்பரொடு கூடி, அவர்தம் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே கொண்டு தொழுக என்பது அதன் கருத்து.

இச்சூத்திரம் யாருக்குக் கூறப்பட்டது? நேற்றுத் தீக்கை பெற்றவனுக்கன்று. சரியையும் கிரியையும் கடந்து, ஞானமும் பெற்று, இனிப் பெறுதற்கு யாதுமில்லை என்னும் நிலையில் நிற்பவனுக்கே கூறப்பட்டது. பெருங்காயத்தை எடுத்த பின்னும் அஃதிருந்த சிமிழ் மணத்தல் போல, மலம் நீங்கியும் அதன் வாசனை உடம்புள்ள காறும் தாக்கும். அதற்குக் காப்பு யாது? தனியறையும் நூற்பேழையுமா? அல்ல, அடியார் கூட்டமே காப்பு என்றனர். ஆகலின், திருக்கூட்டத்தின்கண் புகுதல் கற்றார் கல்லாதார்க்கு இடும் பிச்சையன்று. கற்றாரது உயிர்க்கே வேலியாவது. கோயிற்கு யாம் வேண்டும் என எண்ணியே நம்மனோர் அவ்வழைப்பை ஏற்கின்றனர், அல்லது மறுக்கின்றனர். சாத்திரமோ நமக்குக் கோயில் வேண்டும் என்கின்றது. இவ்வொன்றை வற்புறுத்தற்கே இக்கட்டுரை எழுந்தது.

அற்றேல், அச்சூத்திரத்து அன்பர் எனப்பட்டார் சீவன்முத்தரன்றோ, பூத்தொடுப்பாரும் சுண்டல் விரும்புவாரும் அதன்கண் அடங்குவரோ எனின், கூறுதும். அகத்து நிலையை அளந்தறிந்து தொழுக என்று நூல் கூறிற்றில்லை. திருவேடத்தைத் தொழுக என்றே கூறிற்று. மெய்ப்பொருள் நாயனார் தம்மைக் கொல்ல வந்த முத்தநாதனது நீறணிந்த கோலத்தை வணங்கினரேயன்றி அவன் அகத்தைச் சோதித்தனரில்லை. இன்னும், திருத்தொண்டத்தொகை தனியடியார் 63 மரோடு தொகையடியாராகக் கூட்டத்தார் 9 திறத்தினரையும் ஒருங்கு வைத்து வணங்கும். அக்கூட்டத்தாருள் ஒருவர் பெயரும் நாம் அறியோம். ஊர் அறியோம், குலம் அறியோம். பெயரறியப்படாத அவரையும் நாயன்மாரோடு ஒப்பவைத்த சுந்தரமூர்த்தி சுவாமிகளது திருவுளத்தைச் சிந்திப்பார்க்கு, மண்டபத்தூண் ஓரத்திற் சாய்ந்திருக்கும் மூதாட்டி யார் என்னும் வினா எழாது.

இனி, கல்வியால் முதிர்ந்து பெரும்பெயர் பெற்ற ஒருவர் பிற்பருவத்தில் மீண்டும் அழைக்கப்பட்ட வரலாறு நம் சந்தான பரம்பரையின் முகப்பிலேயே உளது. திருத்துறையூர்ச் சகலாகம பண்டிதரை அறியாதார் யார்? ஆகமக் கடலை நிலைகண்டவர். மாணாக்கர் பலரை உடையவர். பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர்க்குக் குலகுருவாயிருந்தவர். மகப்பேறின்றி வருந்திய அக்களப்பாளர்க்குத் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்த்து, வந்த திருவெண்காட்டுப் பதிகத்தைக் காட்டி, அத்தலத்தை வழிபடுவித்தவரும் அவரே என்ப. அதனாற் பிறந்த குழவியே, திருவெண்ணெய்நல்லூரில் அம்மானார் மனையில் வளர்ந்து, பரஞ்சோதி முனிவர்பால் உபதேசம் பெற்று, மெய்கண்டார் என்னும் பெயர் தாங்கியது.

இளம்பிள்ளை உபதேசிக்கின்றது, கேட்பார் திரள்கின்றனர், தம் மாணாக்கரும் அங்குச் செல்கின்றனர் என்னும் செய்தி பண்டிதர் செவிக்கு எட்டியது. தாம் கயிறு சாத்திப் பெறுவித்த பிள்ளை! முதியவர் உள்ளம் எவ்வாறு இருந்திருக்கும் என்பதைப் பல்லாண்டு ஆசிரியத் தொழில் செய்தார் எளிதில் உணர்வர். நேரே சென்றனர். ஆணவ மலத்தை விளக்கிக் கொண்டிருந்த பிள்ளையை நோக்கி, அவ்வாணவத்தின் உருவம் யாது என வினவினர். பிள்ளையார் வாய் திறந்திலர். வினவி நின்றவரையே சுட்டினர். அவ்வளவே. சகலாகமமும் அறிந்த பெரியவர் அத்திருவடியில் வீழ்ந்தனர். அருணந்தி சிவாசாரியர் என எழுந்தனர்.

இவ்வரலாற்றைச் செருக்கழிந்த கதையாகவே பலரும் கூறி முடிப்பர். அதன்பின் நிகழ்ந்ததே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. அருணந்தியார் தம் பழைய கல்வியை ஆற்றில் எறிந்தாரல்லர். உலகாயதர் முதலாகப் பாஞ்சராத்திரிகள் ஈறாகப் பிறர் மதங்களை எடுத்து மறுக்கும் சிவஞானசித்தியார் பரபக்கம் 301 விருத்தங்களால் இயன்றது. சுபக்கம் 328 விருத்தங்களால் ஆசிரியரது 12 சூத்திரத்தையும் விரிப்பது. வாழ்நாளெல்லாம் கற்ற தருக்கமும் ஆகமமும் இல்லையேல் அந்நூல் எழுந்திராது. கல்வி அதுவே, அஃது அமர்ந்த இடம் மாறிற்று. முன்னே தலைமை இருக்கையில் அமர்ந்து உரைத்த கல்வி, பின்னே மாணாக்கர் வரிசையில் அமர்ந்து பாடிற்று. 49 மாணாக்கருள் முதல்வர் என அவரைப் போற்றுகின்றோம். முதல்வர் ஆயினும் மாணாக்கரே. பிற்பருவத்து அழைப்பு என்பது இவ்விடமாற்றமேயன்றிப் புதியதொரு பட்டமன்று என அறிக.

திருநாவுக்கரசு சுவாமிகள் வரலாறும் இதனையே காட்டும். தருமசேனர் எனப் பெயர் பெற்றுச் சமண் சமயத்துத் தலைமை தாங்கிய பெரியார், சூலைநோயால் ஈர்க்கப்பட்டுத் திருவதிகைக்கு மீண்ட பின் கையிற் கொண்டது யாது? உழவாரம். திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்த காலை, இறைவர் படியிட்டருளிய காசுகளுள் பிள்ளையார் பெற்றது வாசியுடைத்தாகவும், அரசர் பெற்றது வாசியின்றி மாறவும் கண்டு, அது கைத்தொண்டின் பயன் எனப் பிள்ளையாரே தெளிந்தமை சேக்கிழார் கூறுவர். திருப்பூந்துருத்தியில் அப்பெரியார், சிவிகை தாங்குவாருள் ஒருவராய்த் தோள் கொடுத்தமையும் யாவரும் அறிவர். பொன்னாடை போர்த்தி மேடைமேல் ஏற்றினாலன்றி வாரோம் என்னும் இக்காலத்து விரிவுரையாளர் சிலர் இதனைச் சிந்திப்பாராக. (பட்டிமன்றத்துச் சிரிப்பையே திருத்தொண்டர் வரலாற்றுக்கும் வேண்டும் என்பாரைப் பற்றி யாம் யாதும் கூறப்போவதில்லை.)

எம் நிலையையும் சிறிது கூறுதும். திருமடம் ஒன்றில் தம்பிரான் சுவாமிகள் ஒருவர்பாற் பாடங்கேட்டு வந்த இளமைக்காலத்தில், எம்மூர்க்கு அணித்தாய ஒரு சிற்றூர்ச் சிவாலயத்தில் ஈராண்டு புராணவுரை நிகழ்த்தினோம். பின்னர்க் கல்லூரிப் பணி வாய்த்தது, வெளியூர் சென்றோம். 34 ஆண்டு அப்பணியிற் கழிந்தன. குடும்பம் தாங்கப்பட்டது, ஏட்டுச்சுவடி ஒப்புநோக்கி நூல் சில பதிப்பித்தோம். அவை வீண் என யாம் ஒருகாலும் எண்ணியதில்லை. ஓய்வு பெற்று ஊர் மீண்ட ஆறாந் திங்களில் அச்சிற்றூரார் வந்தழைத்தனர். கோயில் ஒருகாலப் பூசை மாத்திரமே நிகழ்வது. குருக்கள் வேறு இரண்டு கோயிலையும் பார்த்துக்கொண்டு இருசக்கர வண்டியில் வந்து செல்பவர். முதல் வெள்ளிக்கிழமை மாலை கூடியோர் 11 பேர். அவருள் ஒருவர் மின்விளக்குப் பழுது பார்க்க வந்தவர்.

வாரந்தோறும் தொடர்ந்து, ஓராண்டு நிறையும் அணிமையில் அப்பூதியடிகள் வரலாறு வந்தது. திங்களூரில் அரசர் பெயரையே மக்கட்கும் தண்ணீர்ப்பந்தர்க்கும் இட்டு வாழ்ந்த அந்தணர். அரசரே வந்துற்ற அன்று, குருத்திலை அரியச் சென்ற மூத்த மகன் அரவு தீண்டி இறந்தமை. பெற்றோர் அதனை மறைத்து அமுதுக்கு அழைத்தமை. பதிகம் பாடியருள மகன் உறங்கி எழுந்தான்போல் எழுந்தமை. யாவும் கூறி முடித்து வாழ்த்தும் பாடினோம். யாவரும் நீறு பெற்றுச் சென்றனர். மூன்று வாரமாகப் புதிதாய் வந்துகொண்டிருந்த அம்மையார் ஒருவர் மாத்திரம் தூணருகே நின்றார். சுமையுந்து ஓட்டி வந்த அவருடைய ஒரே மகன் நெடுஞ்சாலையில் இறந்து எட்டுத் திங்கள் ஆயின என்பது பின்னர் அறிந்தது.

"சாமி, அந்தப் பிள்ளை எழுந்துவிட்டான். என் பிள்ளை எழவில்லையே. நான் கும்பிட்டது போதவில்லையா?" என்றார்.

34 ஆண்டில் எந்த வகுப்பிலும் இவ்வினாவை ஒருவரும் வினவியதில்லை. பிராரத்தம் நுகர்ந்தே கழியும் என்பது சாத்திரத்து மெய்யே. அதில் எமக்கு ஐயமில்லை. ஆயின், ஈன்ற மகனை இழந்து நிற்பார் முன் நின் வினை என மொழிதற்பொருட்டு அச்சாத்திரம் எழுந்ததன்று. தத்தம் வினையைத் தாமே நோக்கி அடங்குதற்கு எழுந்தது. பிறர் துன்பத்தை அளக்கும் கோலாக எழுந்ததன்று. யாம் புராணத்தையே திரும்ப நோக்கினோம்.

"அம்மா, அப்பூதியார் மனைவியார் மகனுடலை மூடி வைத்துவிட்டு அமுது படைத்தபொழுது, அவன் எழுவான் என அவருக்குத் தெரியாது. தெரியாத அந்நேரத்தே அவருடைய அன்பு முழுமையாகி விட்டது. எழுந்த பின்னும், மகன் உயிர் பெற்றமைக்கு அவர்கள் மகிழவில்லை. அரசர் அமுது செய்யத் தடையாயிற்றே என்றே வருந்தினார்கள் என்று சேக்கிழார் சொல்கிறார். ஆகவே, பிள்ளை எழுந்தது கும்பிட்டதற்குக் கூலியன்று. கூலியானால் எழாதார் எல்லாரும் அன்பிலார் ஆகவேண்டும். அப்படியன்று. திலகவதியம்மையார்க்கு மணம் பேசிய கலிப்பகையார் போரில் மாண்டார். தாய் தந்தையரும் மாண்டனர். ஒருவரும் எழவில்லை. அம்மையாரைவிட அன்பிற் சிறந்தார் யார்?" என்றோம்.

அவர் சிறிது நேரம் யாதும் பேசிலர். பின்னர், "அந்த அம்மா அப்புறம் என்ன செய்தார்கள்?" என்றார். தம்பியின் பொருட்டு உயிர் தாங்கியிருந்தமையும், திருவதிகைக் கோயிலில் அலகிட்டு, மெழுக்கிட்டு, மாலை தொடுத்தமையும், நோயுற்ற தம்பி நள்ளிருளில் வந்து வீழ்ந்தபொழுது நீறளித்து, வைகறையில் அலகும் சாணமும் தோண்டியும் தாம் எடுத்துக்கொண்டு அவரையும் உடனழைத்துச் சென்றமையும் கூறினோம். கேட்டுக்கொண்டு சென்றுவிட்டார். அவர் துயர் அன்றோடு தீர்ந்ததெனக் கூறுவோமாயின் அது பொய்யாகும். சில வெள்ளிக்கிழமைகளில் அவர் வருவதில்லை. வந்த நாட்களிலும் சில பொழுது பாதியிலே எழுந்து செல்வார். கணவரை இழந்த அயல்வீட்டுப் பெண் ஒருவரையும் இப்பொழுது உடனழைத்து வருகின்றார்.

ஈண்டு நேயர்கள் கருதற்பாலது ஒன்று. மகன் எழுந்தமைக்கு மகிழாது அமுது தடைப்பட்டமைக்கு வருந்திய அச்செய்தியை யாம் பல்லாண்டு பாடஞ்சொல்லி வந்துளோம். அடியவர்பால் வைத்த அன்பின் மிகுதிக்கு எடுத்துக்காட்டு என்பதே அங்கு எம் உரை, அவ்வுரை தக்கதே. ஆயினும், அன்பு கூலி நோக்காதது என்னும் பொருளும் அதனுள் உறைதலை, அத்தூணருகே நின்ற அம்மையாரது வினாவே எமக்குத் திறந்து காட்டிற்று. நூலகத்தில் அமர்ந்து பத்து உரைகளை ஒப்புநோக்கினும் அது கிடைத்திராது. அன்பரொடு கூடுக எனச் சூத்திரம் விதித்தது கற்றார்க்கே என மேலே கூறினோம். கூடினாற் கிடைப்பது யாது என்பார்க்கு இதுவே எம் விடை.

செயன்முறை பற்றியும் சில கூறல் வேண்டும். ஒரு மணிப்பொழுதுக்கு மேற் பேசற்க. கேட்பார் கால் மரத்தபின் சித்தாந்தம் ஏறாது. பாட்டை முதலில் இசையோடு படித்து, அதன்பின் பொருள் கூறுக. யாழ்ப்பாணத்துச் சைவர், புராணபடனத்தில் ஒருவர் செய்யுளைப் படிக்க மற்றொருவர் பயன் சொல்லும் முறையைப் போற்றி வந்துளர். இளைஞர் ஒருவரைப் படிப்பித்து, முதியவர் பொருள் கூறின், குரல் தளர்ந்தது என்னும் தடை ஒழியும். இளைஞர்க்குச் செய்யுளும் நெட்டுருவாம். பாடபேதம் முதலியவற்றைப் பதிப்புரைக்கு வைத்துக்கொள்க. வினவுவார்க்கு இறுதியில் இடம் விடுக. சிறார் சுண்டலுக்கு வரினும் வரட்டும். நம்முட் பலர் அங்ஙனமே வந்து பெரியபுராணம் கேட்டவர்.

எல்லாவற்றினும் மேலாவது நாள் தவறாமை. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் முதற் பிரசங்கம் செய்தது 1847 ஆம் ஆண்டு திசம்பர் 31 ஆம் நாள். பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த அவர், பாதிரிமார் வாரந்தவறாது கூடிப் போதிக்கும் ஒழுங்கின் வலியை அருகிருந்து கண்டவர். அவ்வொழுங்கையே வெள்ளிக்கிழமைதோறும் சிவாலயத்தில் நிறுவினர். அன்று அவர்க்கு வயது 25. இளமை தொடங்கவல்லது, ஆயின் இந்நாளில் இளைஞர்க்குத் தொழிலும் இடப்பெயர்ச்சியும் மிகுந்தன, இன்று ஓரூர், நாளை ஓரூர். வாரந்தவறாது ஓரிடத்தில் இருக்கவல்லார் ஓய்வு பெற்றாரே. கைப்பேசியில் நூறு சொற்பொழிவு கேட்கலாமே என்பார்க்கு, அப்பொறி தூணருகே நிற்பார் வினாவைக் கேளாது என்பதன்றி வேறு கூறவேண்டுவதில்லை.

முதலாம் இராசராசர் தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யப் பிடாரர் 48 பேரை நியமித்தார். நாள் ஒன்றுக்கு இவ்வளவு நெல் என வரையறுத்ததோடு நில்லாது, அவருள் ஒருவர் இறப்பினும் வேற்றிடஞ் செல்லினும் அவ்விடத்தை நிரப்பும் முறையையும் கல்லிற் பொறிப்பித்தார். இடம் வெறிதாதல் கூடாது என்பதே அப்பேரரசர் கவலை. இன்று எத்தனை சிற்றூர் மண்டபங்களில் அவ்விடம் வெறிதாகக் கிடக்கின்றது என்பதை நேயர்கள் தத்தம் ஊரிற் சென்று காண்பாராக. நிரப்பவல்லார் அவ்வூரிலேயே திண்ணையில் அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருத்தலையும் காணலாம்.

எம் சிற்றூர்க் கோயிலில் அப்பூதியடிகளின் பின் திருநீலநக்கரும் நமிநந்தியடிகளும் முடிந்தனர். அடுத்தது திருஞானசம்பந்தர் புராணம்; 1200 செய்யுட்களின் மேற்பட்டது. வெள்ளிக்கிழமைக்குப் பத்துச் செய்யுளாக வைப்பினும் ஈராண்டு கடக்கும். எமக்கு அகவை 66. "ஐயா முடித்துவிடுவீர்களா?" என்று கோயிற் கணக்கர் நகைத்துக்கொண்டே வினவினார். பாட்டுப் படிக்க இளைஞர் ஒருவரைத் தேடித் தருக என்று அவரையே கேட்டோம். தம் மகளை அனுப்பியுள்ளார். ஒன்பதாம் வகுப்பிற் படிக்கும் பெண். றகரமும் ரகரமும் சிறிது மயங்குகின்றன. சென்ற வெள்ளியன்று சீகாழித் திருநகரச் சிறப்பு வரை படித்தாள்.